“எனக்கென்ன விசரோ?”: நாரிநோவுக்கு உளவியலாளர் எதற்கு

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மூன்று வருடமாக நாரிநோ, அதாவது கீழ்முதுகு வலி. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாயிற்று. வயதுக்கேற்ற தேய்மானம் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்கள். குளிசை, ஊசி, பிசியோதெரபி, எண்ணெய், மூலிகைப் பத்து என்று எல்லாம் பார்த்து முடிந்துவிட்டது. போன மாதம் வைத்தியர், “ஓர் உளவியலாளரையும் பாருங்கள்” என்று துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து, “எனக்கென்ன விசரோ? அடுத்தது அங்கொடைக்கோ அனுப்பப் போறியள்?” என்று அழுதிருக்கிறார். அங்கொடை என்றால் மனநல வைத்தியசாலை. நோவுக்கும் உளவியலுக்கும் என்ன தொடர்பு, இதை யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா, அல்லது மருந்து பலிக்காதபோது கைகழுவும் வழியா என்பது தங்கச்சியின் கேள்வி.

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய நோ உண்மையானது. ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வெளியிட்ட வரைவிலக்கணமே வலியை உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த ஓர் அனுபவம் என்றுதான் சொன்னது. 2020இல் அதைத் திருத்தியபோது கூடவே சில குறிப்புகளையும் சேர்த்தார்கள். அதில் ஒன்று, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பது. உளவியலாளரிடம் போகச் சொன்ன வைத்தியர் அம்மாவை நம்பாமல் சொல்லவில்லை. கிளினிக்கில் வரிசை நிற்கும்போது இதை இருந்து விளக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

கொழும்பில் பல வருடமாக நாள்பட்ட நோவுடன் வருகிறவர்களோடு வேலை செய்கிறேன். அம்மா கேட்ட கேள்வியை அதே சொற்களில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் ஒரு மனிதரின் கதையைத்தான் சொல்வேன். இன்று உலகம் முழுவதும் வலியைப் பற்றி வைத்தியர்கள் படிக்கும் பாடத்தை மாற்றி எழுதியவர்களில் ஒருவர் உளவியலாளர். பெயர் றொனால்ட் மெல்சாக். 1929இல் கனடாவின் மொன்றியல் நகரில் பிறந்தவர், 2019இல் தன் 90ஆவது வயதில் காலமானார்.

அவருடைய தொடக்கம் நாய்களில். மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற பெரிய உளவியலாளரின் மாணவராக இருந்தார். அங்கே சில நாய்க்குட்டிகளைப் பிறந்ததிலிருந்து கூட்டுக்குள் தனியாக வளர்த்திருந்தார்கள். வெளியே விட்டதும் அவை ஓடித் திரிந்து தாழ்வாக இருந்த குழாய்களில் தலையை முட்டிக்கொண்டன, முட்டியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மெல்சாக் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தபோது மூக்கை நெருப்பில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தன. 1957இல் இந்த ஆய்வு வெளியானது. இன்று இப்படி ஒரு பரிசோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அது காட்டிய விடயம் பெரியது. அந்த நாய்களின் தோல், நரம்பு எல்லாம் சரியாக இருந்தன. இது ஆபத்து, விலகு என்று காயத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் அனுபவம்தான் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அதாவது நோ என்பதில் கற்றுக்கொண்ட பங்கு ஒன்று இருக்கிறது.

1954இல் பட்டம் முடித்துக்கொண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்குப் போனார். அங்கே லிவிங்ஸ்டன் என்ற வைத்தியர் தீராத வலிக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிளினிக்கில் மெல்சாக் ஒரு வயதான பெண்ணைச் சந்தித்தார். சீனி வருத்தத்தால் கால் அழுகி வெட்டப்பட்டவர். இல்லாத அந்தக் காலில் அவருக்கு நோ. அதைச் சொல்ல அந்தப் பெண்ணிடம் அத்தனை சொற்கள் இருந்தன. மெல்சாக் அவற்றைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். பிறகு மற்ற நோயாளிகளின் சொற்களையும் சேர்த்தார். ஒரு பெரிய ஆராய்ச்சி வாழ்க்கையின் விதை அந்தக் குறிப்புப் புத்தகம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். மற்றவர்கள் புலம்பல் என்று ஒதுக்கியதை அவர் தரவாகப் பார்த்தார்.

சரி, அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ‘கதவுக் கொள்கை’க்கு வருவோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பட்ரிக் வோல் என்ற உடற்றொழிலியலாளரோடு சேர்ந்து 1965இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை பலருடைய மனதில் இருந்த படம் 1664இல் அச்சான, பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டின் படம். காலில் நெருப்புப் பட்டால் ஒரு கயிறு இழுபட்டு மூளையில் மணி அடிக்கும். எவ்வளவு காயமோ அவ்வளவு நோ. மெல்சாக்கும் வோலும் சொன்னது வேறு. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது. காயத்தின் செய்தியை மெல்லிய நரம்பிழைகள் கொண்டுவருகின்றன. தொடுகையின் செய்தியைத் தடித்த இழைகள் கொண்டுவருகின்றன. தடித்த இழைகள் வேலை செய்தால் கதவு ஒடுங்கும். முழங்கால் மேசையில் அடிபட்டதும் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, தேய்த்தால் கொஞ்சம் குறைகிறதே, அது இதுதான். இதைவிட முக்கியமானது, மூளையிலிருந்து கீழே இறங்கும் செய்திகளும் அதே கதவைத் திறக்கலாம், ஒடுக்கலாம். பயம், கவனம், முன் அனுபவம், எதிர்பார்ப்பு எல்லாம் அந்த வழியாக இறங்குகின்றன.

நம்மவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. முதுகில் செடில் ஏற்றிக் காவடி ஆடுகிறவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதே மனிதர் பல் பிடுங்கப் போனால் கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார். மெல்சாக் தன் எழுத்தில் இந்தியாவில் கொக்கியில் தொங்கும் நேர்த்திச் சடங்கை எடுத்துப் பேசியிருக்கிறார். அவருக்கு அது தொலைவில் கிடைத்த சான்று. எங்களுக்கு அது கோயில் வீதி. காயம் ஒன்றாக இருந்தாலும் அதன் பொருள் மாறினால் நோவும் மாறுகிறது.

அந்தக் கட்டுரை வரைந்த நரம்பு இணைப்புகளில் சில பின்னர் பிழை என்று தெரிந்தன. அடிப்படைக் கருத்து, அதாவது வலிச் செய்தி போகும் வழியிலேயே கூட்டியும் குறைத்தும் விடப்படுகிறது என்பது, நிலைத்துவிட்டது. அம்மாவுக்குச் சொல்ல இன்னொரு விடயம் இருக்கிறது. பிசியோதெரபியில் நாரியின் இரண்டு பக்கமும் பட்டி ஒட்டி மெல்லிய கரண்ட் விட்டிருப்பார்களே, டென்ஸ் என்று சொல்வார்கள். அந்த முறையை வோல் இன்னொரு வைத்தியரோடு சேர்ந்து 1967இல் மனிதர்களில் சோதித்துக் காட்டினார். கதவுக் கொள்கை சரியென்றால் தடித்த இழைகளைத் தூண்டினால் நோ குறைய வேண்டும் என்ற கணக்கில். ஆக, ஓர் உளவியலாளர் பங்கெடுத்த யோசனையைத்தான் அம்மா தன் நாரியில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார். அப்போது அவருக்கு விசர் என்று யாரும் சொல்லவில்லையே.

இப்போது சொற்களுக்குத் திரும்பலாம். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1971இல் மெல்சாக் டோர்கர்சன் என்ற உள அளவீட்டு அறிஞரோடு சேர்ந்து 102 வலிச் சொற்களை எடுத்து வகைப்படுத்தினார். ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு கடுமை என்று வைத்தியர்கள், நோயாளிகள், மாணவர்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். 1975இல் அது மக்கில் வலி வினாக்கொத்து ஆனது. 78 சொற்கள், 20 தொகுதிகள். உடல் எப்படி உணர்கிறது என்பதற்குச் சில தொகுதிகள். அது மனதை என்ன செய்கிறது என்பதற்குச் சில. மொத்தத்தில் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒன்று. 1987இல் 15 சொற்களில் ஒரு சுருக்க வடிவமும் வந்தது. அதுவரை வலியைப் பெரும்பாலும் ஒற்றை அளவாகவே கேட்டார்கள், கூடவா குறைவா என்று. அப்படிக் கேட்பது நிறத்தைப் பற்றிக் கேட்கும்போது எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் கேட்பதைப் போன்றது.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் “நோகுது” என்பார்கள், மலையகத்தவரும் கொழும்பில் பிறந்தவர்களும் பெரும்பாலும் “வலிக்குது” என்பார்கள். அதற்குள்ளே உளைவு, கடுப்பு, எரிவு, குத்து, இழுவை, விறைப்பு, குடைச்சல். “விண்விண்ணெண்டு தெறிக்குது” என்றால் ஒன்று, “சுள்ளெண்டு இழுக்குது” என்றால் வேறொன்று. குத்துளைவு என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். குத்தும் உளைவும் ஒன்றாக வரும் அந்த வேதனையை வேறு மொழியில் சொல்ல ஒரு வசனம் வேண்டும். இவை உடலின் சொற்கள். “சீவன் போற மாதிரி”, “பயமாக் கிடக்கு” என்பவை மனதின் பக்கம். “தாங்கேலாது” என்பது தீர்ப்பு. மெல்சாக் பிரித்த மூன்று பெட்டியும் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன.

ஒரு சம்பவம். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் அம்மா வந்தார், வயது அறுபதுக்குக் கிட்ட. கோப்பில் எல்லா இடத்திலும் “கால் வலி” என்றும், பத்துக்கு எட்டு என்றும் எழுதியிருந்தது. மூட்டுத் தேய்மானம் என்று பனடோலும் தைலமுமாக ஒரு வருடம் ஓடியிருந்தது. நான் எண்ணைக் கேட்கவில்லை. “அந்த நோ என்ன செய்யுது அம்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முழங்கால் உளையுது, அது பழகிட்டுது. பாதம்தான் தம்பி. இரவில காஸ் அடுப்பில வச்ச மாதிரி. ஃபேன் காத்துக்குச் சேலைக் கரை வந்து விரலில படும், பட்டால் நெருப்பு” என்றார். சேலைக் கரை பட்டதும் எரிகிறது என்ற ஒரு வரி போதும். அது மூட்டின் நோ இல்லை, நரம்பின் நோ. கூடவே பல வருடச் சீனி வருத்தம். நான் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதி வைத்தியருக்கு அனுப்பினேன். மருந்தை மாற்றினார்கள். எரிவு முழுதாகப் போகவில்லை, ஆனால் நித்திரை வந்தது. எரிவு, கரண்ட் அடித்த மாதிரி, ஊசி குத்தின மாதிரி என்ற சொற்கள் நரம்பு நோவைக் காட்டிக்கொடுக்கும் என்பது இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் பல கேள்விப் படிவங்களின் அடிப்படை. ஒரிகனில் அந்தப் பெண் பேசப் பேச எழுதிக்கொண்ட பழக்கத்திலிருந்து வந்த வழி அது.

இல்லாத காலில் வரும் நோ மெல்சாக்கைக் கடைசிவரை விடவில்லை. பிறவியிலேயே கால் இல்லாதவர்களில் சிலருக்கும் அந்தக் கால் இருப்பதாக உணர்வு வருகிறது. முண்ணாண் முற்றாக அறுந்தவர்களுக்கும் அறுந்த இடத்துக்குக் கீழே நோகிறது. அங்கே கதவுக்கு வேலையே இல்லை, செய்தி மேலே போகும் வழியே இல்லை. ஆகவே 1990களில் அவர் தன் கொள்கையைத் தானே தாண்டினார். உடல் முழுவதற்குமான ஒரு வலைப்பின்னலை மூளையே வைத்திருக்கிறது, உடம்பிலிருந்து செய்தி வராவிட்டாலும் அந்த வலை நோவை உருவாக்க முடியும் என்றார். போர் முடிந்த நாட்டில் இருக்கும் எங்களுக்கு இது படிப்பறை விடயம் இல்லை. ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கிறவர்களில் எத்தனையோ பேர் இல்லாத பெருவிரல் முறுக்குவதாகச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள். சொன்னால் விசர் என்பார்களே என்ற அதே பயம். தமிழரான விளையனூர் இராமச்சந்திரன் 1990களில் கண்ணாடிப் பெட்டி முறையைக் கொண்டுவந்தது இந்த நோவுக்குத்தான். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி மூளைக்கு ஆறுதல் கொடுப்பது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்தவர்களின் முகத்தைப் பார்த்தால் மறக்க முடியாது.

மெல்சாக் வலி என்ன என்று விளக்கினார். அந்த வலியோடு நாளாந்தம் எப்படி வாழ்வது என்பதில் கூடுதலாக வேலை செய்தவர் சியாட்டிலில் இருந்த வில்பர்ட் ஃபோர்டைஸ். அவரும் உளவியலாளர். 1960களில் அவர் வார்டில் கவனித்தது எளிய விடயம். நோயாளி முனகினால் தாதி ஓடி வருகிறார், நடந்தால் யாரும் பார்ப்பதில்லை. நோ வந்தால்தான் மருந்து. நோ வந்தால் ஓய்வு. இப்படியே உடம்பு ஒரு பாடத்தைப் படித்துக்கொள்கிறது. அவர் அதைத் திருப்பிப் போட்டார். மருந்து நோவைப் பார்த்துக் கொடுக்காமல் நேரத்தைப் பார்த்து, உடற்பயிற்சி நோகும்வரை என்று இல்லாமல் முன்கூட்டியே தீர்மானித்த அளவு, பாராட்டு நடந்ததற்கு. இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். அவருடைய முறையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா முனகினால் கண்டுகொள்ளாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். அது கொடுமை. முனகாமல் இருக்கும் நேரத்திலும் அம்மாவோடு போய் இருங்கள் என்பதே நான் எடுத்துக்கொண்ட பாடம்.

பிறகு 2000இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோஹான் விளேயன், சுவீடனில் பணியாற்றிய ஸ்டீவன் லின்டன் என்ற இரு உளவியலாளர்கள் பயம்–தவிர்ப்பு என்ற சுழற்சியைத் தெளிவாக எழுதினார்கள். நோ வருகிறது. இது எலும்பை உடைத்துவிடும் என்று பயம் வருகிறது. குனிவதை விடுகிறோம். தசை பலவீனமாகிறது. அடுத்த முறை குனியும்போது இன்னும் நோகிறது. இதை உடைக்க, அன்றாட வேலைகளின் படங்களைக் காட்டி எதற்கு எவ்வளவு பயம் என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள். குறைந்த பயத்தில் தொடங்கிப் படிப்படியாகச் செய்து பார்ப்பார்கள். எங்கள் அம்மாமாரின் வரிசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே, சிங்கில் குனிந்து பாத்திரம் கழுவுவது. அதற்கு மேல், வாளி தூக்குவது. அதற்கு மேல், திருவலையில் இருந்து தேங்காய் திருவுவது. உச்சியில், காலி வீதியில் 100 இலக்க பஸ்ஸில் இருக்கை கிடைக்காமல் நின்றபடி பிறேக்குக்குப் பிறேக் ஆடிக்கொண்டு போவது. யாரும் முதல் நாளே பஸ்ஸில் ஏறச் சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு உதவும்? இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஒரு மதிப்பாய்வு 75 ஆய்வுகளை, 9,000க்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் நோவும் இயலாமையும் மனவேதனையும் குறைகின்றன, ஆனால் குறைவது சராசரியாகச் சிறிய அளவுதான் என்றது. மூன்று வருட நோ மூன்று அமர்வில் போய்விடும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ஆனால் நாள்பட்ட நாரிநோவுக்கு மாத்திரைகளின் கதையும் பெரிதாகச் சிறப்பில்லை. மெல்சாக்கே 1990இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில், வலிக்காக மோர்ஃபின் எடுப்பவர்கள் அடிமையாவது அரிது, தேவையற்ற பயத்தால் மனிதர்களை வேதனைப்பட விடுகிறோம் என்று எழுதினார். புற்றுநோயாளிக்கு அது நியாயமான குரல். நாள்பட்ட நோவுக்கு அந்த மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்த வட அமெரிக்கா பிறகு அடிமைத்தனத்திலும் மரணங்களிலும் பெரிய விலை கொடுத்தது. நான் மிகவும் மதிக்கும் மனிதர், ஆனால் இந்த இடத்தில் அவருடைய நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது என்றே நினைக்கிறேன்.

இனி அம்மாவின் விடயம். கால் பலமிழந்தால், சலம் மலம் கட்டுப்படாமல் போனால், உட்காரும் பகுதி மரத்துப்போனால், காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ சேர்ந்தால் உளவியலாளர் பிறகு, உடனே வைத்தியசாலை. அப்படி ஒன்றும் இல்லையென்றால், மரீன் டிரைவில் பின்னேரம் 10 நிமிடம் நடக்கத் தொடங்கலாம். நல்ல நாளிலும் 10, கெட்ட நாளிலும் 10. நல்ல நாளில் அரை மணி நடந்து, வீடு முழுக்கக் கூட்டித் துடைத்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

போகும் நாளுக்கு முன் ஒரு மாலை தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து அம்மாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள் தங்கச்சி. அந்த நோ என்ன செய்யுது? அதால நீங்கள் என்னென்ன விட்டிட்டியள்? அவர் சொல்வதைத் திருத்தாமல், நல்ல தமிழாக்காமல், அப்படியே எழுதுங்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதை விட்டேன் என்று சொல்லலாம், பேரப்பிள்ளையைத் தூக்குவதை விட்டேன் என்று சொல்லலாம். எம்ஆர்ஐ படங்கள் உள்ள அந்தப் பெரிய உறைக்குள்ளேயே அந்தத் தாளையும் வைத்துக் கொண்டுபோங்கள். உளவியலாளர் முதலில் அதைத்தான் வாசிக்கக் கேட்பார்.